ஃபோர்டு மஸ்டாங் பாஸ் 429: வாங்குவதற்கு முன்பும் பிரிப்பதற்கு முன்பும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாஸ் 429 எதற்காகப் பிறந்தது?

ஒரு எஞ்சினுக்குப் பந்தய அனுமதி வாங்க. 1964 டேட்டோனா 500 பந்தயத்தில் கிறைஸ்லரின் 426 ஹெமி எஞ்சின் இறங்கியது, முதல் மூன்று இடங்களையும் பிளிமத் கார்களே அள்ளின. ஃபோர்டு பதிலுக்கு 427 பிளாக்கில் ஓவர்ஹெட் கேம் எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்தது. அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அதை ஏற்கவில்லை. அதன்பிறகு புதிய 385 வரிசை பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட்டுகளை (சிலிண்டர்களின் மேல்மூடிகளை) ஏற்றி உருவாக்கியதுதான் 429 கன அங்குல எஞ்சின், நம் கணக்கில் 7 லிட்டர். பொதுமக்களுக்கு விற்கும் காரில் குறைந்தது 500 எஞ்சின்களாவது போயிருக்க வேண்டும் என்பது நாஸ்கார் விதி. அந்த எண்ணிக்கையை எட்டவே இந்தக் கார் வந்தது.

அப்படியானால் பந்தயத்தில் மஸ்டாங் ஓடியதா?

நாஸ்காரில் ஓடவில்லை. அங்கே ஓடியவை ஃபோர்டின் இன்னொரு காரான டொரீனோ டல்லடேகாவும் ஃபோர்டின் துணைப் பிராண்டான மெர்க்குரியின் சைக்ளோன் ஸ்பாய்லரும். எஞ்சினும் உடலும் ஒரே காரில் விற்கப்பட வேண்டும் என்று நாஸ்கார் கேட்காததால், ஃபோர்டு டொரீனோ உடலுக்குத் தனியாகவும் மஸ்டாங்கில் வைத்த எஞ்சினுக்குத் தனியாகவும் அனுமதி வாங்கிக்கொண்டது. 1969 மார்ச்சில் அட்லாண்டா 500இல் இந்த எஞ்சின் முதன்முறை இறங்கியது. மெர்க்குரியில் கேல் யார்பரோ வென்றார். அந்த ஆண்டு சாம்பியன் பட்டம் டொரீனோ ஓட்டிய டேவிட் பியர்சனுக்கு.

எத்தனை கார்கள் வந்தன?

1969 மாடலில் 859, 1970 மாடலில் 499. மொத்தம் 1,358. ஒவ்வொன்றுக்கும் கே.கே. எண் என்று ஒன்று உண்டு. அது 1201இல் தொடங்கி 2558இல் முடிகிறது. இரண்டு முனை எண்களையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். இந்த வரிசைக்கு வெளியே யாராவது எண் காட்டினால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

கே.கே. என்றால்?

கார் கிராஃப்ட். ஃபோர்டுக்காகப் பந்தய வேலை செய்துவந்த பட்டறை. ஜி.டி.40 மார்க் 4 செய்ததும் இவர்கள்தான். மஸ்டாங்கின் எஞ்சின் அறையில் இந்த 429 உட்காராது, ஹெட்டுகள் அவ்வளவு அகலம். டியர்பார்ன் தொழிற்சாலை லைனில் வைத்துச் செய்கிற வேலையும் அல்ல. அதனால் கார்களை மிச்சிகன் மாநிலம் பிரைட்டனில் இருந்த கார் கிராஃப்ட் பட்டறைக்கு அனுப்பி அங்கே முடித்தார்கள்.

முக்கியமான வெட்டு வேலை முன் ஷாக் டவர்களில், அதாவது முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் தகரக் கூடுகளில், நடந்தது. அவற்றை உள்பக்கம் வெட்டி, வெளிப்பக்கம் தள்ளி, மீண்டும் வெல்டு செய்து எஞ்சினுக்கு இடம் பண்ணினார்கள். அதோடு முன் சஸ்பென்ஷன் கைகளின் பிடிப்புப் புள்ளிகளும் இடம் மாறின. எஃப்60-15 அகல டயர் உரசாமல் இருக்க மட்கார்டு விளிம்பை உள்ளே மடித்தார்கள். பேட்டரிக்கு முன்னால் இடமில்லாததால் டிக்கிக்குப் போனது. பின்னால் ஸ்வே பார், முன்னால் ஆயில் கூலர், பானெட்டின் மேல் பெரிய காற்றுத் திறப்பு. அந்தத் திறப்பை டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள குமிழை இழுத்துத் திறக்க வேண்டும், தானாகத் திறக்காது. ஏ.சி. கிடையாது, ஆட்டோமேட்டிக் கியரும் கிடையாது. நான்கு கியர் மேனுவல், 3.91 பின் அச்சு விகிதம், டிராக்‌ஷன்-லாக் டிஃபரன்ஷியல். இதுதான் எல்லாருக்கும்.

இவ்வளவு வேலை செய்துவிட்டு வெளியே ஒட்டியது என்னவோ முன் மட்கார்டில் 'பாஸ் 429' என்ற சிறிய எழுத்து மட்டும். பக்கவாட்டுக் கோடு கூட இல்லை. தம்பி பாஸ் 302 போட்டுக்கொண்ட அலங்காரத்தோடு ஒப்பிட்டால் இது வேட்டி சட்டையில் வந்த பயில்வான்.

375 குதிரைத்திறன் என்கிறார்கள். உண்மையில் எவ்வளவு?

தொழிற்சாலை சொன்னது நிமிடத்துக்கு 5,200 சுற்றில் 375 குதிரைத்திறன், 3,400 சுற்றில் 450 பவுண்டு-அடி டார்க். குறைத்துச் சொன்ன எண் என்பது பலர் கருத்து. அதை நம்பி ஓட்டிப்பார்த்தவர்கள் ஏமாந்ததும் உண்டு. புதிய காரில் கால் மைல் ஓட 14 விநாடியை ஒட்டி ஆனது. மலிவான 428 கோப்ரா ஜெட் மஸ்டாங் அதற்கு இணையாக ஓடியது.

காரணம் எளிது. ஹெட்டின் காற்றுப் பாதைகள் பந்தயச் சுற்றுக்கு அளவெடுத்தவை. உள் வால்வு 2.28 அங்குலம், வெளி வால்வு 1.90 அங்குலம். அந்தப் பெரிய வாயில் கீழ்ச் சுற்றில் காற்று மெதுவாகத்தான் நகரும். மேல் சுற்றிலாவது எழுந்து போகலாம் என்றால் தெருக் காருக்கு வைத்த கேம் மிதமானது, கார்புரேட்டர் நிமிடத்துக்கு 735 கன அடி காற்று விடும் ஹோலி, புகை கட்டுப்படுத்தும் பம்ப் வேறு. வாயைக் கட்டிவிட்டுச் சாப்பிடச் சொன்ன மாதிரி. கேமையும் கார்புரேட்டரையும் எக்ஸாஸ்டையும் மாற்றினால் எஞ்சின் வேறு முகம் காட்டும். ஆனால் கழற்றிய ஒவ்வொரு அசல் பாகத்தையும் பெயர் எழுதிப் பெட்டியில் வையுங்கள். விற்கும்போது அந்தப் பெட்டிக்குத் தனி விலை.

எஸ் எஞ்சின், டி எஞ்சின் என்று சொல்கிறார்களே?

முதல் 279 கார்களில், அதாவது கே.கே. 1479 வரை, வந்தது 820-எஸ். நாஸ்காருக்குச் செய்த கனமான கனெக்டிங் ராடுகள், அரை அங்குல போல்ட்டு. உடைக்க முடியாத அளவுக்கு உறுதி, ஆனால் சுற்று ஏறுவதில் மந்தம். அடுத்து வந்தது 820-டி. ராடு இலேசானது, போல்ட்டு 3/8 அங்குலம். மிகச் சில கார்களில் 820-ஏ. வால்வைத் தள்ளும் டாப்பெட் தொடக்கத்தில் ஹைட்ராலிக், பின்னால் வந்தவற்றில் சாலிட் டாப்பெட். ஆகவே வால்வு கிளியரன்ஸ் வைப்பதற்கு முன் உள்ளே இருப்பது எது என்று பாருங்கள். 55 வருடத்தில் யாராவது கேமை மாற்றியிருக்கலாம். எஞ்சின் தகடு ஒன்று சொல்லும், உள்ளே வேறொன்று இருக்கும்.

சேகரிப்பவர்கள் எஸ் எஞ்சினுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். ஓட்டுவதற்கு என்றால் டி மேல்.

1969, 1970: பார்த்தவுடன் எப்படிப் பிரித்தறிவது?

1969இல் முன் விளக்கு நான்கு, 1970இல் இரண்டு. 1969இல் பானெட் திறப்பு காரின் நிறத்திலேயே இருக்கும். 1970இல் கறுப்பு, கியர் நெம்புகோல் ஹர்ஸ்ட். நிறங்களும் வேறு. 1969இல் கறுப்பு, வெள்ளை, அரக்குச் சிவப்பு, கேண்டி ஆப்பிள் சிவப்பு, கரும்பச்சை. 1970இல் கிராபர் நீலம், கிராபர் பச்சை, கிராபர் ஆரஞ்சு மாதிரி கண்ணைப் பறிக்கும் நிறங்கள்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதுதான் பணம் போகிற இடம். ஒரு சாதாரண ஸ்போர்ட்ஸ்ரூஃப் (கூரை பின்னோக்கிச் சரியும் உடல்) மஸ்டாங்கை பாஸ் 429 போல ஆக்குவதற்கு வேண்டிய பாகங்கள் எல்லாம் காசு கொடுத்தால் கிடைக்கும். கிடைக்காதது எண்கள்.

முதலில் வாகன அடையாள எண். 1969 காரில் 9எஃப்02இசட் என்று தொடங்க வேண்டும். 9 என்பது ஆண்டு, எஃப் என்பது டியர்பார்ன், 02 என்பது ஸ்போர்ட்ஸ்ரூஃப் உடல், இசட் என்பது இந்த எஞ்சின். 1970 காரில் முதல் எழுத்து 0. ஐந்தாவது இடத்தில் இசட் இல்லையென்றால் அது பாஸ் 429 இல்லை. விற்பவர் என்ன கதை சொன்னாலும் சரி.

டாஷ்போர்டில் இருக்கும் தகடு இரண்டு ரிவெட்டில் நிற்கிறது. கதவில் இருப்பதையும் கழற்றி மாற்றிவிடலாம். இவை இரண்டையும் வைத்து முடிவெடுக்காதீர்கள். பானெட்டைத் திறந்து, மட்கார்டு உதடும் எஞ்சின் அறைப் பக்கத் தகடும் சேருமிடத்தைப் பாருங்கள். அங்கே மட்கார்டில் சிறிய வெட்டு இருக்கும், அதன் வழியாகத் தகட்டில் அடித்த எண் தெரியும். முழுவதும் தெரியாது. விற்பவர் சம்மதித்தால் மட்கார்டு போல்ட்டுகளைத் தளர்த்தித் தூக்கிப் பாருங்கள். எழுத்தின் உயரம் ஒன்றுபோல இருக்கிறதா, எண்ணைச் சுற்றிக் கிரைண்டர் கீறலோ புட்டியோ வெல்டு விளிம்போ இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். பெயிண்ட் மறைப்பதை விரல் கண்டுபிடிக்கும். ஒரு சிறிய காந்தத்தையும் ஓட்டுங்கள். எண் இருக்கும் இடத்தில் பிடி தளர்ந்தால் அடியில் புட்டி.

அடுத்து பிளாக்கிலும் கியர் பாக்ஸிலும் அடித்திருக்கும் சுருக்க எண். காரின் கடைசி ஆறு இலக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் கார் போலி என்று அர்த்தமில்லை. வாரண்டியில் எஞ்சின் மாற்றியிருக்கலாம், பந்தயத்தில் வெடித்திருக்கலாம். ஆனால் விலை இறங்க வேண்டும்.

கடைசியாக ஷாக் டவர். டார்ச் அடித்துப் பாருங்கள். கார் கிராஃப்ட் வெட்டி ஒட்டிய டவர் அழகாக இருக்காது. வெல்டு தடம் அவசரமாகவும் ஏறுமாறாகவும் இருக்கும், சீலர் அப்பியிருக்கும். வழவழவென்று சீராக இருந்தால் ஒன்று மிகையாக மெருகேற்றியிருக்கிறார்கள், இல்லையேல் புதிதாகச் செய்திருக்கிறார்கள். இரண்டில் எது என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மார்ட்டி ரிப்போர்ட் அவசியமா?

அவசியம். ஃபோர்டின் 1967 முதலான உற்பத்திப் பதிவுகள் கெவின் மார்ட்டியிடம் இருக்கின்றன. அடையாள எண்ணைக் கொடுத்தால் அந்தக் கார் எந்த நிறம், எந்த உள்ளலங்காரம், என்னென்ன கூடுதல் பாகம், எந்த டீலருக்குப் போனது என்பது வரும். காரின் விலையோடு பார்த்தால் ரிப்போர்ட் செலவு ஒன்றுமே இல்லை. விற்பவர் கையில் இருக்கும் நகலை நம்பாமல் நீங்களே ஒன்று வாங்குங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: ரிப்போர்ட் சொல்வது அந்த எண்ணுள்ள கார் 1969இல் எப்படி வெளியே வந்தது என்பதை. உங்கள் முன் நிற்பது அதே கார்தானா என்பதைத் தகடும் தகரமும்தான் சொல்லும்.

ஹெட் கேஸ்கெட்டே இல்லை என்பது உண்மையா?

உண்மை. எஞ்சினைப் பிரிக்கப்போகும் மெக்கானிக் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே வழக்கமான கேஸ்கெட் தாள் கிடையாது. ஒவ்வொரு சிலிண்டர் வாயைச் சுற்றியும் ஓர் உலோக வளையம், ஒவ்வொரு தண்ணீர்த் துளைக்கும் ஆயில் துளைக்கும் தனித்தனி ரப்பர் ஓ-ரிங், எல்லாம் அதனதன் காடியில். பந்தயத்தின் உச்ச அழுத்தத்தில் கேஸ்கெட் வெடிக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு.

பந்தய எஞ்சினை ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் பிரிப்பார்கள், வளையம் புதிதாகப் போகும். தெருக் காரில் அதே வளையம் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறது. ஹெட் அலுமினியம், பிளாக் இரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். எஞ்சின் சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் ஓ-ரிங் கொஞ்சம் உரசும். கடைசியில் உருண்டையாக இருந்தது பட்டையாகி, விரலால் வளைத்தால் ஒடிகிற அளவுக்குக் காய்ந்திருக்கும்.

எந்த வளையம் போயிற்று என்பதை ஹெட்டை இறக்காமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டரில் அழுத்தப் பம்ப்பை மாட்டி, ரேடியேட்டர் மூடியில் எழுதியுள்ள அளவுக்கு ஏற்றிக் கால் மணி நேரம் விடுங்கள். முள் இறங்கினால் தண்ணீர் எங்கோ போகிறது. வெளியே கசிவு தெரிகிறதா என்று ஹெட் சேரும் கோட்டைப் பாருங்கள். வெளியே இல்லாமல் ஆயில் மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. அந்த ஆயிலோடு எஞ்சினை ஒரு நிமிடம் கூட ஓட்டாதீர்கள், பேரிங் போகும். ஓடும்போது ரேடியேட்டரில் குமிழி வந்தால் சிலிண்டர் வளையத்தைச் சந்தேகப்படுங்கள்.

ஹெட்டை இறக்கிவிட்டால் எல்லா வளையத்தையும் மாற்ற வேண்டும், நன்றாக இருப்பதாகத் தெரிந்தாலும். ஹெட் பிளாக்கோடு சேரும் முகத்தைச் சுத்தம் செய்ய எமரி வட்டோ கம்பி பிரஷ்ஷோ வேண்டாம், அலுமினியத்தில் பள்ளம் விழும். பிளாஸ்டிக் சுரண்டியும் கரைப்பானும் போதும். நேர்ச்சட்டம் வைத்து 0.003 அங்குல ஃபீலர் எங்கேயாவது நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் மெஷின் ஷாப்புக்குப் போக வேண்டும். அங்கே சொல்ல வேண்டிய ஒரு விஷயம்: காடி வெட்டிய முகத்தைச் சீவினால் காடியின் ஆழம் குறையும், வளையம் மேலே துருத்தும், ஹெட் சரியாக உட்காராது. சீவுவதற்கு முன் ஒவ்வொரு காடியின் ஆழத்தையும் அளந்து எழுதிவைத்து, சீவிய பிறகு அதே ஆழத்துக்கு மீண்டும் வெட்டச் சொல்லுங்கள். இந்த எஞ்சினைப் பார்த்திராத கடையில் இதைச் சொல்லாமல் விட்டால் ஹெட் வீணாகும். இன்னொரு ஜோடிக்கு எங்கே போவது?

கூலன்ட்?

அலுமினியமும் இரும்பும் ஒரே தண்ணீரில் இருந்தால் அலுமினியம் அரிக்கப்படும். குழாய்த் தண்ணீர் ஆகாது. வடித்த நீரும் எத்திலீன் கிளைக்கால் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. கார் ஓடாமல் நின்றாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அரிப்பைத் தடுக்கும் மருந்து வயதாலும் தீரும்.

எந்தப் பெட்ரோல்?

கம்ப்ரஷன் 10.5:1. அமெரிக்கப் பங்கில் கிடைப்பதில் உயர்ந்தது, முடிந்தால் 93 ஆக்டேன். இந்த எண்ணை இந்தியப் பங்கில் எழுதியிருக்கும் எண்ணோடு குழப்ப வேண்டாம். இங்கே எழுதுவது ஆர்.ஓ.என். எண். அமெரிக்காவில் எழுதுவது ஆர்.ஓ.என்., எம்.ஓ.என். என்ற ஆக்டேன் அளவு முறைகள் இரண்டின் சராசரி. அங்கே 93 என்பது இங்கே ஏறக்குறைய 98. கிடைக்கும் பெட்ரோலுக்கு நாக்கிங் வந்தால் இக்னிஷன் டைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்கு இழுங்கள். பழைய ஈயப் பெட்ரோல் இல்லையே என்ற கவலை இங்கே குறைவு. அலுமினிய ஹெட்டில் வால்வு சீட்டுகள் தனியாக இறக்கிய உலோக வளையங்கள்தான். எத்தனால் கலந்த பெட்ரோலைத் தொட்டியில் மாதக்கணக்கில் விடாதீர்கள். பழைய ரப்பர் குழாயை அது தின்றுவிடும்.

ஆயில்?

கேமும் டாப்பெட்டும் ஒன்றன்மேல் ஒன்று உரசும் வகை, ரோலர் இல்லை. அந்த உரசலைத் தாங்குவது ஆயிலில் உள்ள துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம். இன்றைய கார்களின் புகையைச் சுத்திகரிக்கும் கன்வெர்ட்டருக்காக அதைக் குறைத்துவிட்டார்கள். பழைய எஞ்சினுக்கென்று விற்கும் ஆயிலில் 1,000 பி.பி.எம்.க்கு மேல் இருக்கிறதா என்று டப்பாவைப் பார்த்து வாங்குங்கள். புதிய கேம் போட்டால் முதல் ஸ்டார்ட்டிலேயே 2,000 முதல் 2,500 சுற்றில் 20 நிமிடம் விடாமல் ஓட வேண்டும். ஐட்லிங்கில் விட்டால் கேமின் மூக்கு அங்கேயே தேய்ந்துவிடும், ஏனென்றால் அதற்கு ஆயில் வருவது கிராங்க் வீசியடிக்கும் துளிகளிலிருந்துதான்.

பல வருடம் நின்ற காரை எப்படி ஸ்டார்ட் செய்வது?

சாவியைத் தொடாதீர்கள். பழைய பெட்ரோலை வடித்து, குழாய்களை மாற்றுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் குளிர்ந்த எஞ்சினில் கழற்றுங்கள். சூட்டில் கழற்றினால் அலுமினிய மரை கூடவே வரும். ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பூன் ஆயில் விட்டு ஒருநாள் காத்திருங்கள். பிறகு கிராங்க் போல்ட்டில் சாக்கெட் மாட்டிக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். இறுகினால் நிறுத்துங்கள், நீளக் கம்பி போட்டு மல்லுக்கட்ட வேண்டாம்.

அடுத்து, ஒன்றாவது சிலிண்டரை மேல் புள்ளியில் நிறுத்தி, ரோட்டர் முனை எங்கே பார்க்கிறது என்று டிஸ்ட்ரிபியூட்டரில் குறியிட்டு அதைக் கழற்றுங்கள். ஆயில் பம்ப்பைச் சுற்றுவது அதன் அடியில் இருக்கும் 5/16 அங்குல அறுகோணத் தண்டு. டிரில்லில் சாக்கெட் மாட்டி அதை இடஞ்சுழியாகச் சுற்றுங்கள். முதலில் இலேசாகச் சுற்றும், ஆயில் ஏறியதும் டிரில் திணறும். ஆயில் கூலரும் அதன் குழாய்களும் நிறைய வேண்டும் என்பதால் கொஞ்சம் நேரமாகும். அழுத்தம் நிலையாக நின்ற பிறகே டிஸ்ட்ரிபியூட்டரைப் பொருத்துங்கள். பற்றவைப்பு வரிசை 1-5-4-2-6-3-7-8.

வால்வு கவரில் வெள்ளைப் பொடி பூக்கிறதே?

ஆரம்பகாலக் கார்களில் அது மெக்னீசியம் வார்ப்பு, பிறகு அலுமினியம் ஆனது. மெக்னீசியம் ஈரத்தில் பூக்கும். கிரைண்டரில் பிடிக்காதீர்கள், அதன் தூள் தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றினால் இன்னும் எரியும். மென்மையான பிளாஸ்டிக் நாரால் கையாலேயே சுத்தம் செய்து, மெக்னீசியத்துக்குரிய பூச்சு போடுங்கள்.

என்ன விலை?

புதிதில் 5,000 டாலருக்குள். இன்று அசல் எஞ்சினும் காகிதமும் உள்ள நல்ல கார் 2 லட்சம் டாலரைத் தாண்டுகிறது. எஞ்சின் இல்லாத உண்மையான இசட் எண் காருக்கும் நல்ல விலை உண்டு. எண் இல்லாத உடலில் உட்கார்ந்திருக்கும் உண்மையான எஞ்சினுக்கும் உண்டு. இரண்டையும் சேர்த்து ஒரு கார் செய்தால் அதை அப்படித்தான் சொல்லி விற்க வேண்டும். வாங்கும்போது பிளாக் எண், கியர் பாக்ஸ் எண், மட்கார்டுக்கு அடியில் உள்ள எண், கே.கே. எண் நான்கையும் படமெடுத்து ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள்.